கமிஷன் வாங்கும் டாக்டருக்கு ஒரு நல்ல வக்கீல் வேண்டும்

நான் வழக்கறிஞர் என்று தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "ஸ்கேன் சென்டர்ல கட் வாங்குற டாக்டருக்கெல்லாம் நீங்க எப்படிங்க ஆஜராவீங்க?" நான் சொல்லும் பதில் யாருக்கும் பிடிப்பதில்லை. அப்படி ஒருவருக்கு ஆஜராகும் நாள் வராதா என்றுதான் காத்திருக்கிறேன். இன்றைய நிலைமையில் அவருக்குப் பெரும்பாலும் வக்கீலே தேவைப்படுவதில்லை. நம் சட்டத்தில் உள்ள ஓட்டைகளே அவருக்காக வாதாடி ஜெயித்துக் கொடுத்துவிடுகின்றன.

விதி இல்லாமல் இல்லை. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளில் 6.4 என்ற பிரிவு இருக்கிறது. ஒரு நோயாளியை இன்னொரு இடத்துக்கு அனுப்பிவைப்பதற்காக மருத்துவர் எந்தக் கமிஷனும் கொடுக்கவோ, கேட்கவோ, வாங்கவோ கூடாது. தெளிவான விதிதான். ஆனால் அது மருத்துவரை மட்டுமே கட்டுப்படுத்தும். மாசக் கடைசியில் பி.ஆர்.ஓ. கையில் கவர் கொடுத்து அனுப்பும் மருத்துவமனையையோ ஸ்கேன் சென்டரையோ தொடாது. மீறினால் மருத்துவக் கவுன்சில் விசாரிக்கும். அதிகபட்சத் தண்டனை, பதிவேட்டிலிருந்து பெயரை நீக்குவது. மருத்துவரைப் பற்றிய புகாரை விசாரிப்பதும் மருத்துவர்கள்தான்.

அங்கே புகார் தள்ளுபடியானால் நோயாளி எங்கே போவது? 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 30ஆம் பிரிவில், மாநிலக் கவுன்சிலின் நடவடிக்கையால் பாதிக்கப்பட்ட மருத்துவர் மேல்முறையீடு செய்யலாம் என்கிறது. புகார் கொடுத்த நோயாளியைப் பற்றி அதில் பேச்சே இல்லை. 2023 ஆகஸ்ட்டில் ஆணையம் புதிய ஒழுங்குமுறைகளைக் கொண்டுவந்தது. மூன்றே வாரத்தில் அவற்றை நிறுத்திவைத்துவிட்டுப் பழையபடி 2002க்கே திரும்பிப்போனது.

2017இல் மகாராஷ்டிரம் கட் பிராக்டிஸுக்கு எதிராகத் தனிச் சட்டம் கொண்டுவரப் போவதாகச் சொன்னது. குழு அமைத்தார்கள், வரைவும் எழுதினார்கள். அந்த வரைவு சட்டமாகவில்லை. தமிழ்நாட்டில் மருத்துவர்களையும் மருத்துவமனைகளையும் தாக்குவோரைத் தண்டிக்க 2008இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. வரவேண்டிய சட்டம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் டாக்டரை அடித்தால் ஜெயில், நோயாளியை விற்றால் ஒன்றுமில்லை என்பது என்ன கணக்கு?

இந்த நாட்டில் இந்தக் கமிஷனைப் பற்றி உருப்படியாகக் கேள்வி கேட்டது எந்தத் துறை தெரியுமா? வருமான வரித்துறை. நோயாளிகளை அனுப்பிய டாக்டர்களுக்குக் கொடுத்த கமிஷனை வியாபாரச் செலவு என்று கணக்குக் காட்டியது காப் ஸ்கேன் என்ற பரிசோதனை நிறுவனம். செல்லாது என்றது பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம். 2022 பிப்ரவரியில் அபெக்ஸ் லேபரட்டரீஸ் வழக்கில், டாக்டர்களுக்கு மருந்து நிறுவனங்கள் கொடுக்கும் இலவசங்களுக்கும் வரிக்கழிவு கிடையாது என்றது உச்ச நீதிமன்றம். மருத்துவக் கவுன்சிலின் விதி டாக்டருக்குத்தான், எங்களுக்கு இல்லை என்று நிறுவனம் சொன்ன வாதம் எடுபடவில்லை. நல்ல தீர்ப்புகள். அரசுக்கு வரவேண்டிய வரி தப்பியது. நோயாளியின் பாக்கெட்டிலிருந்து போன காசைப் பற்றிக் கேட்க அந்த வழக்குகளில் யாரும் இல்லை.

சரி, வழக்கு என்று ஒன்று வந்தால் டாக்டர் தரப்பு என்ன சொல்லும்?

"நான் கேக்கல சார், அவங்களா குடுத்தாங்க." இது நிற்காது. வாங்குவதே தவறு என்கிறது விதி.

"அது கமிஷன் இல்ல, கன்சல்டிங் ஃபீஸ்." அமெரிக்காவில் இதை முயன்று பார்த்துவிட்டார்கள். அங்கே ஓர் இதய மருத்துவர் நடத்திய நிறுவனம், இதயத் துடிப்பை நாள் முழுக்கப் பதிவுசெய்யும் ஹோல்டர் கருவியை நோயாளிகளுக்குப் பொருத்தியது. அரசுக் காப்பீட்டிலிருந்து வந்த தொகையில் 40 சதவீதத்தை, நோயாளியை அனுப்பிய டாக்டருக்கே 'விளக்கக் கட்டணம்' என்ற பெயரில் கொடுத்தது. 1985இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. கொடுத்த பணத்தின் நோக்கங்களில் ஒன்று நோயாளியை வரவழைப்பது என்றாலே குற்றம்தான், கூடவே உண்மையான வேலை ஏதாவது நடந்திருந்தாலும் சரி என்றது கிரெபர் வழக்கு என்றழைக்கப்படும் அந்தத் தீர்ப்பு.

மூன்றாவது வாதம்தான் கனமானது. "அந்த ஸ்கேன் நிஜமாவே தேவைப்பட்டுச்சு. நல்லா எடுப்பாங்கன்னுதான் அங்க அனுப்பினேன். அஞ்சு பைசா வாங்கல." இப்படிச் சொல்பவர்களில் உண்மை சொல்பவர்கள் இருக்கிறார்கள். தன்னால் முடியாத கேஸை, கைராசிக்காரர் என்று தான் நம்பும் சர்ஜனிடம் அனுப்பிவைக்கும் சிற்றூர் டாக்டரும், கவர் வாங்கும் டாக்டரும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருப்பார்கள். சீட்டும் ஒன்று, கையெழுத்தும் ஒன்று. வித்தியாசம் வங்கிக் கணக்கிலும் ரொக்கப் புத்தகத்திலும்தான் தெரியும். அதைத் தோண்டி எடுக்க அதிகாரமுள்ள விசாரணை வேண்டும், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய வக்கீல் வேண்டும்.

நாம் அதைக் கேட்பதில்லை. 2002இல் அந்த விதி வந்த அதே வருஷம் 'ரமணா' வந்தது. இறந்தவருக்கு வைத்தியம் பார்த்த மருத்துவமனையை விஜயகாந்த் மாட்டிவிட்டபோது தியேட்டரே கைதட்டியது. படத்தைக் கொண்டாடினோம், விதியை யாரும் படிக்கவில்லை. இருபது வருஷத்துக்கு மேலாகியும் நம் கோபம் தியேட்டரைத் தாண்டவில்லை. இப்போது வாட்ஸப்பில் "எல்லா டாக்டரும் திருடனுங்க" என்று ஃபார்வர்ட் செய்கிறோம். கவர் வாங்குபவருக்கு இதைவிட வசதியான வாக்கியம் கிடையாது. எல்லோரும் திருடர் என்றால் அவர் மட்டும் ஏன் கூச வேண்டும்? வலிப்பது வாங்காதவருக்குத்தான்.

நான் கேட்பது இதுதான். கொடுப்பவரையும் வாங்குபவரையும் ஒருசேரத் தண்டிக்கும் சட்டம். நியாயமான சம்பளம், சந்தை விலை வாடகை போன்ற எவையெல்லாம் குற்றமில்லை என்று அமெரிக்காவில் இருப்பதுபோல முன்கூட்டியே சொல்லும் பட்டியல். மருத்துவர் அல்லாதவர்களும் உட்காரும் விசாரணைக் குழு. நோயாளிக்கும் மேல்முறையீட்டு உரிமை. குற்றம் சாட்டப்பட்ட டாக்டருக்கு, கட்டணம் வாங்கிக்கொண்டு முழுமூச்சாக வாதாடும் வக்கீல். இந்தக் கடைசிக் கோரிக்கையை என் தொழில் பாசம் என்று நினைக்க வேண்டாம். எதிர்வாதம் செய்ய ஆளில்லாத இடத்தில் கிடைக்கும் தண்டனை மேல்முறையீட்டில் முதல் நாளே உடையும். கிடைக்கும் விடுதலையையோ ஊர் நம்பாது.

வாங்காத டாக்டர் தலைநிமிர்ந்து வெளியே வரவும், வாங்கியவர் தப்பிக்க வழியில்லாமல் மாட்டவும் ஒரே வாசல்தான் இருக்கிறது, அது நீதிமன்ற வாசல். நாம் இன்னும் அதைக் கட்டவே தொடங்கவில்லை.