செத்தவளின் பெயர் என்ன?

கணேஷ்–வசந்த், பரத்–சுசீலா என்று துப்பறிகிறவர்களின் பெயர்கள் நமக்கு மனப்பாடம். அந்தக் கதைகளில் செத்துப்போன பெண்களில் ஒருத்தியின் பெயராவது நினைவிருக்கிறதா? தொடர் நாவலின் ஏற்பாடே அதுதான். துப்பறிகிறவர் அடுத்த புத்தகத்துக்கும் வேண்டும். செத்தவள் முதல் அத்தியாயத்தோடு சரி.

பெண்ணை அடிக்காத, பின்தொடராத, வன்புணராத, கொல்லாத திரில்லர்களுக்கென்றே 2018இல் பிரிட்டனில் ‘ஸ்டாஞ்ச்’ பரிசு வந்தது. அந்த நிபந்தனை நமக்கு வேண்டாம். வெளியே பெண்கள் கொல்லப்படும்போது கதைக்குள் மறைத்து என்ன பயன்? சிகாகோவின் பெண் துப்பறிவாளர் வார்ஷாவ்ஸ்கியை 1982 முதல் எழுதிவரும் சாரா பாரெட்ஸ்கி கொலையை ஒளிக்கவில்லை. அதன் பின்னாலுள்ள பணத்தையும் அதிகாரத்தையும் தோண்டுகிறார்.

உடல் கிடந்த கோலத்துக்குச் செலவிடும் பக்கங்களில் பாதியையாவது அவள் வாழ்ந்த வாழ்க்கைக்குக் கொடுங்கள். கொன்றவன் யார் என்பது மட்டுமல்ல, கொல்லப்பட்டவள் யார் என்பதும் துப்பறிய வேண்டியதுதான்.