ஆடு மேய்க்கும் அம்மையாரிடம் கற்ற பாடம்

கோடை விடுமுறைக்கு முன்னர் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பணி தந்தேன். மேழம், விடை (சித்திரை, வைகாசி) ஆகிய இரு திங்களிலும் தத்தம் ஊரிற் கண்ட பறவைகள், பட்டாம்பூச்சிகள் ஆகியவற்றின் பெயர்களை எழுதிவருமாறு பணித்தேன். பள்ளி திறந்ததும் ஏடுகளைப் புரட்டினேன். காக்கை, குருவி, கிளி, புறா. அவற்றின்பின் பெங்குவினும் நெருப்புக்கோழியும்! முதுகுன்றத்தை அடுத்த சிற்றூரில் பெங்குவினைக் கண்ட கண்கள், வேலிமேல் அமர்ந்திருந்த கரிச்சானைக் காணவில்லை. கைப்பேசித் திரை காட்டியதை எழுதினர். பிள்ளைகளைக் கடிந்து என்ன பயன்?

ஓர் ஏட்டில் மட்டும் பத்தொன்பது பறவைப் பெயர்கள் இருந்தன. பாட்டியோடு ஆடு மேய்க்கச் சென்ற சிறுமியின் ஏடு அது. அடுத்த ஞாயிறன்று அவர்களுடன் ஏரிக்கரைக்குச் சென்றேன்.

வறண்ட ஏரியுள் கால்வைத்ததும் ஆள்காட்டி அலறியது. "முட்டை வச்சிருக்கு வாத்தியாரே, பார்த்து நடங்க" என்றார் அம்மையார். வெறுந்தரையில், கூழாங்கற்களோடு கற்களாக நான்கு முட்டைகள்! சற்றுத் தொலைவில் மண்ணள்ளும் பொறியும் சரக்குந்துகளும் நின்றன. ஏரியைத் தூர்வார வேண்டாமென்று நான் சொல்ல வரவில்லை. பொறியை ஓட்டுபவனுக்கு அந்த அலறலின் பொருள் தெரிந்திருந்தால் பத்தடி விலகிச் சென்றிருப்பான் என்றே சொல்கிறேன். பட்டுப்போன பனையின் பொந்தில் பனங்காடையையும், பனையோலையின் அடியில் கூடொட்டும் பனை உழவாரனையும் அவர் காட்டினார். பெயரே உறைவிடத்தைச் சொல்லிவிடுகிறது. காலையிலும் மாலையிலும் கூவுவதால் ஆறுமணிக்குருவி எனப் பெயர்பெற்ற பறவை, கோடை முற்றுமுன் வடக்கே திரும்பிவிடுவதையும் அவர் அறிந்திருந்தார். "இப்ப இருக்காது, பனி விழறப்ப வரும்" என்றார். எப்பள்ளியிற் படித்தார்?

இடையே ஒன்று. கோடையிற் கூவும் குயிலைப் பெண்ணாக்கிப் பாடாத மேடைப் பாவலர் அரியர். குரலெடுத்துக் கூவுவதோ கரிய ஆண்குயில். பெண்குயில் புள்ளிகள் நிறைந்த பழுப்புடையது. நானும் முப்பதாண்டு காலம் பிழையாகவே கற்பித்தேன் என்பதை நாணத்தோடு ஒப்புகிறேன்.

தூயதமிழ் அன்பர்களாகிய நாம் இங்கு நம்மையும் ஆய்ந்துகொள்ளல் வேண்டும். 'மைனா' என்னும் வடநாட்டுப் பெயரை விலக்கி நாகணவாய், பூவை என வழங்குக என்பது முறையே. ஆனால், மக்கள் நாவில் 'தவிட்டுக்குருவி' உயிரோடிருக்க, நூல்களில் அதனை 'வெண்தலைச் சிலம்பன்' என்றே எழுதுவானேன்? சிலம்பன் அழகிய சொல்லே. எனினும் தவிட்டின் நிறங்கண்டு உழவன் இட்ட பெயர் அதனினும் பழுதற்றது. வாழும் தமிழ்ச்சொல்லைப் புத்தாக்கச் சொல்லால் ஓரங்கட்டுவதும் தமிழ்க்கேடுதான்.

பட்டாம்பூச்சிகளின் நிலை வேறு. அவற்றைத் தனித்தனியே சுட்ட அம்மையாரிடமும் பெயர் இல்லை. இங்கே ஆக்கம் வேண்டும். எவ்வாறு ஆக்குவது என்பதே வினா. எருக்கிலையைத் தின்று வளர்ந்து, அதன் நஞ்சால் பறவைகள் தீண்டாது பறக்கும் ஒன்றை ஆங்கிலர் புலியென்றனர். அகரமுதலியைப் புரட்டி, அதற்கு 'வெறும்புலி' என்று ஒருநாள் இரவு எழுதிவைத்தவன் நான்! களத்தில் நின்று பார்த்தவர்களோ சிறகின் நிறங்கண்டு 'வெந்தய வரியன்' என்றனர். எலுமிச்சை, நாரத்தையில் முட்டையிடுவது எலுமிச்சை அழகி. கொன்றையிற் பிறப்பது கொன்னை வெள்ளையன். இப்பெயர்களைக் கற்ற பிள்ளை செடியையும் கற்றுக்கொள்கிறது. 2019-இல் தமிழ்நாட்டரசு மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்த 'தமிழ் மறவன்' மேற்குமலைக் காடுகளில் வாழ்வது. எம் பிள்ளைகள் அதனைப் படத்தில்தான் காண்பர். எருக்கும் எலுமிச்சையும் கொன்றையும் எல்லா ஊரிலும் உள.

என் 'வெறும்புலி'த் தாளைக் கிழித்தெறிந்தேன். ஏரியின் எஞ்சிய ஈரச்சேற்றில் கொன்னை வெள்ளையன்கள் கூட்டமாய் அமர்ந்து உப்பு உறிஞ்சிக்கொண்டிருந்தன. அவற்றின் நடுவே வேறொன்று, பழுப்பு நிறத்தது, சிறகு விரித்தது. "இதுக்கு என்ன பேரு ஐயா?" என்றாள் சிறுமி. நாளை பார்த்துச் சொல்கிறேன் என்றேன். "நாளைக்கும் இங்கதான் இருக்கும், வாங்க" என்றாள்.