அக்கா ஆல்பத்துக்கு 'நோ என்ட்ரி'!

வீட்டுல வைஃபை ரூட்டருக்குப் பக்கத்துல, ரெண்டு ஹார்டு டிஸ்க் போட்ட சின்ன டப்பா ஒண்ணு உர்ர்ருனு ஓடிட்டு இருக்கா? 'நாஸ்'னு சொல்ற நெட்வொர்க் ஸ்டோரேஜ் அதுதான். அக்கா கல்யாண ஆல்பம், அப்பா ஸ்கேன் பண்ணி வெச்ச வீட்டுப் பத்திரம், உங்க ஃபைனல் இயர் புராஜெக்ட்... எல்லாமே அதுக்குள்ள. 'ஒரு டிஸ்க் போனாலும் இன்னொண்ணு இருக்கே'ன்னு நிம்மதியா இருக்காதீங்க பாஸ். தம்பி ஒரு ஃபோல்டரைத் தெரியாம டெலீட் பண்ணினா, ரெண்டு டிஸ்க்லயும்தான் காலியாகும்! அதனால எக்ஸ்டர்னல் டிஸ்க்ல தனியா ஒரு காப்பி கட்டாயம்.

செமஸ்டர் லீவுல நல்ல பிள்ளையா காப்பி போட உட்காருவீங்க. 'பெர்மிஷன் டினைட்'னு வரிசையா வந்து விழும். பாதிப் பேர் கண்டுக்கவே மாட்டாங்க. 'அதான் நிறைய ஃபைல் போயிடுச்சே'ன்னு டிஸ்க்கைக் கழட்டி பீரோவுல வெச்சுடுவாங்க. காப்பி ஆகாம நின்னது அந்தக் கல்யாண ஆல்பமா இருந்தா..?

டப்பாக்குள்ள ஓடுறது பெரும்பாலும் லினக்ஸ். அதுல ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு ஓனர் உண்டு. அக்கா தன் லாகின்ல பூட்டி வெச்சதை உங்க லாகின் படிக்க முடியாது. ஸோ, பேக்கப்பை அட்மின் லாகின்ல, கமாண்ட் அடிக்கிற ஆளா இருந்தா ரூட் அதிகாரத்தோட ஓட்டணும். சீனியர் யாராவது 'சிஹெச்மாட் 777 அடிடா, சரியாயிடும்'னு சொன்னா, கும்பிடு போட்டுட்டு நகர்ந்துடுங்க. அது பூட்டைச் சரிபண்றது இல்ல, கதவையே கழட்டிப் போடுறது. அப்புறம் அப்பாவோட பத்திரத்தை யார் வேணாலும் அழிக்கலாம்.

இன்னொரு மெசேஜ் இருக்கு... 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்'. இங்கே தகராறு படிக்கிறதுல இல்ல, எழுதுற டிஸ்க்குல. கடையில வாங்கின டிஸ்க் எக்ஸ்ஃபேட், ஃபேட்32 ஃபார்மேட்ல இருந்தா, ஓனர் விவரம் எழுதி வைக்க அதுல இடமே கிடையாது. 1996-ல ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல்லும் பால் மெக்கராஸும் கொண்டுவந்த 'ஆர்சிங்க்' இன்னிக்கும் இந்த வேலைக்குக் கில்லி. அதுல 'மைனஸ் ஏ' போட்டா, ஃபைலோட ஓனர் விவரத்தையும் சேர்த்து ஏத்தப் பார்க்கும், டிஸ்க் முடியாதுனு சொல்லும். பதிலா 'மைனஸ் ஆர்டி' போடுங்க. ஃபைலும் தேதியும் மட்டும் போகும், சத்தம் அடங்கிடும். குடும்ப போட்டோவுக்கு இது போதும்ங்கிறது என் கட்சி. எந்த கம்ப்யூட்டர்லயும் திறக்கலாமே! ஆனா ஃபேட்32 மட்டும் வேணாம், 4 ஜிபி தாண்டின கல்யாண வீடியோவை அது வாங்காது.

ஓனர், பெர்மிஷன் எல்லாம் அப்படியே வேணும்னா, டிஸ்க்கை இஎக்ஸ்டி4-ஆ மாத்துங்க. ஃபார்மேட் பண்ணினா உள்ளே இருக்கிறது அழிஞ்சிடும், ஜாக்கிரதை. விண்டோஸும் அதை நேரடியா திறக்காது.

இதுலயும் ஒரு கூத்து உண்டு. அந்த டிஸ்க்கை ஹாஸ்டல் லேப்டாப்புல சொருகினா, உங்க ஃபைலையே உங்களுக்குத் தராது! எக்ஸாம் பேப்பர்ல பேர் இருக்காது, ரெஜிஸ்டர் நம்பர்தானே இருக்கும்? அதே கதைதான். டிஸ்க்ல பதியறது ஓனரோட பேர் இல்ல, நம்பர். உபுண்டுல முதல் யூஸருக்கு வழக்கமா 1000. வீட்டு டப்பாவுல நீங்க 1026-ஆ இருந்தா, லேப்டாப்புக்கு நீங்க யாரோ எவரோ. ரெண்டு பக்கமும் 'ஐடி'னு கமாண்ட் அடிச்சுப் பாருங்க, குட்டு வெளிப்பட்டுடும். லேப்டாப்புல ரூட் அதிகாரத்தோட காப்பி எடுத்து, ஓனரை உங்க பேருக்கு மாத்திக்கலாம்.

கடைசியா, ஆர்சிங்க் முடியும்போது ஒரு நம்பரோட வெளியே வரும். 0 வந்தா ஓகே. 23 வந்தா ஏதோ விட்டுப்போயிருக்குனு அர்த்தம், எதுன்னு மேலே ஏத்திப் படிங்க. அப்புறம் அந்த டிஸ்க்லேர்ந்தே அக்கா ஆல்பத்துல நாலு போட்டோ திறந்து பார்த்துட்டு பீரோவைப் பூட்டுங்க.