கைதி சுட்டுக்கொண்டாரா? ஐபோன் விட்ட "புருடா"!

நியூயார்க் கொலை வழக்கில் பிடிபட்டவர் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார் என்று 2024 டிசம்பரில் ஐபோன்களில் ஒரு தலைப்பு. அதுவும் பி.பி.சி. பெயரில்! பி.பி.சி. அப்படிச் சொல்லவே இல்லை. ஆசாமி காவலில் உயிரோடுதான் இருந்தார். பல செய்திகளை ஒரே வரியாகச் சுருக்கப்போய் ஏ.ஐ. எந்திரம் செய்த கோளாறு இது. பி.பி.சி. புகார் செய்தது. 2025 ஜனவரியில் ஆப்பிள் கம்பெனி செய்திச் சுருக்கத்தை நிறுத்திவைத்தது.

சுருக்கத்துக்கு மார்க் போடவும் எந்திரம் உண்டு. 2004-ல் வந்த 'ரூஜ்' முறை, ஆள் எழுதிய சுருக்கத்தோடு எத்தனை வார்த்தை ஒத்துப்போகிறது என்று எண்ணும். அர்த்தம் பார்க்காது. "மந்திரி நேற்று பதவி விலகவில்லை" என்பதை "மந்திரி நேற்று பதவி விலகினார்" என்று எழுதினால்? நாலில் மூன்று வார்த்தை சரி, 75 மார்க்! அதனால் ஆட்களை உட்காரவைத்தும் படித்துப் பார்க்கிறார்கள். அதற்குச் செலவு ஜாஸ்தி.