வராதவர் வராதவராகவே இருக்கட்டும்

ஓக்லாந்தில் எங்கட ஆட்களின் வீடுகளில், முன்னறைச் சுவரில், ஒரு வகைக் குடும்பப் படம் இப்போது கட்டாயமாகிவிட்டது. நடுவில் மணமக்கள். ஒரு பக்கம் கலியாணத்துக்கு வந்தவர்கள். மறுபக்கம் வராதவர்கள்: விசா மறுக்கப்பட்ட பெரியம்மா, ரொறொன்ரோவில் லீவு கிடைக்காத சித்தப்பா, 2009இல் முள்ளிவாய்க்காலில் செத்துப்போன மாமா, அதற்கும் முன்பே காலமான அப்பப்பா. எல்லோரும் ஒரே வரிசையில், ஒரே வெளிச்சத்தில், ஒரே புன்னகையோடு. ஐந்தாறு படங்களை வெட்டி ஒட்டி ஒன்றாக்கியது என்று தெரியாதவர் பார்த்தால், இந்தக் குடும்பம் ஒருநாளும் சிதறவேயில்லை என்றுதான் நினைப்பார்.

இந்தப் படங்களைச் செய்வதை நிறுத்துங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

செய்யும் முறை இரகசியமல்ல. போட்டோஷொப் 1990இல் வந்தது. ஒரு படத்தின் மேல் இன்னொன்றை அடுக்கி வைத்து வேலை செய்யும் ‘லேயர்’ வசதி அதில் 1994இல் சேர்ந்தது. ஆளை விளிம்போடு வெட்டியெடுத்து, புதிய பின்னணியில் நிறுத்தி, நிறத்தைச் சமப்படுத்தி, காலடியில் நிழல் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. ஸ்டூடியோக்காரர் மணிக்கணக்காக உட்கார்ந்து செய்ததை இன்று கைத்தொலைபேசியே செய்கிறது. 2024இல் வந்த கூகுள் பிக்சல் 9, படம் எடுப்பவரையே அந்தப் படத்துக்குள் சேர்த்துவிடும் வசதியோடு வந்தது.

எங்களிடம் இது இன்னும் ஒரு படி மேலே போகிறது. இறந்தவரின் படம் என்று பல குடும்பங்களில் மிஞ்சியிருப்பது அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். மற்றதெல்லாம் இடம்பெயர்வில் போய்விட்டது. கழுத்துக்கு மேல் மட்டும் இருக்கிற அந்த முகத்துக்கு ஸ்டூடியோ ஓர் உடம்பு தேடுகிறது. வாழ்நாள் முழுக்கச் சாரமும் தோளில் துண்டுமாகத் தோட்டத்தில் நின்ற மனுசன், பேத்தியின் கலியாணத்தில் யாரோ ஒருவரின் கோட்டுக்குள் நிற்கிறார். அட்டைக்காக இறுகிப்போயிருந்த வாயைச் சற்று இழுத்து அவரைச் சிரிக்கவும் வைத்துவிடுகிறார்கள்.

“அந்த மனுசிக்கு அது ஒரு ஆறுதல். உமக்கென்ன?” என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஆறுதலை நான் மறுக்கவில்லை. மகனின் உடலைக்கூடக் காணக் கிடைக்காத ஒரு தாய் அப்படிப்பட்ட படத்தைத் தடவிப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். ஆனால் அந்தத் தாய்க்கு உண்மை தெரியும். எந்த முகம் எங்கிருந்து வந்தது என்று தெரியும். அவருக்குப் பிறகு அந்தப் படம் யாரிடம் போகும்? இங்கே பிறந்த பிள்ளையிடம். அந்தப் பிள்ளைக்கு அது சாட்சி. “அப்பப்பா ஏன் உங்கட கலியாணத்துக்கு வரேல்லை?” என்று அது கேட்கப்போவதில்லை. வந்து நிற்கிறாரே! அந்த ஒரு கேள்விக்குப் பதிலாகத்தான் பாதை மூடியிருந்ததையும், விசா மறுக்கப்பட்டதையும், ஷெல் விழுந்ததையும் நாங்கள் சொல்லியிருப்போம். கேள்வி இல்லாத வீட்டில் அந்தக் கதையும் இல்லை.

“படம் எப்போதுமே பொய்தானே” என்பது படித்தவர்களின் வாதம். 1857இல் ஒஸ்கார் ரைலாண்டர் முப்பது நெகட்டிவ்களுக்கு மேல் சேர்த்து ஒரே படமாக்கினார். அடுத்த வருடம் ஹென்றி பீச் ரொபின்சன் ஐந்து நெகட்டிவ்களைச் சேர்த்து, சாகக் கிடக்கும் ஓர் இளம்பெண்ணின் படத்தைச் செய்தார். உண்மைதான். ஆனால் அவர்கள் அதைக் கலை என்று சொல்லிக் காட்சிக்கு வைத்தார்கள். தங்கள் குடும்பத்தின் பதிவு என்று பேரப்பிள்ளைகளிடம் கொடுக்கவில்லை.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, பிரதமர் மோடி ஆகாயத்திலிருந்து பார்வையிடும் படம் ஒன்றை இந்திய அரசின் பத்திரிகை தகவல் அலுவலகம் வெளியிட்டது. ஜன்னலில் மங்கலாகத் தெரிந்த காட்சிக்குப் பதிலாக, தெளிவான இன்னொரு வெள்ளப் படத்தை ஒட்டியிருந்தார்கள். ஊரே சிரித்தது. அலுவலகம் படத்தை நீக்கி வருத்தம் தெரிவித்தது. எங்கட ஆட்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களின் முன்னறைப் படத்திலும் அதே வேலைதான் நடந்திருக்கிறது.

எங்களுக்கு இது சிரிப்போடு முடிகிற விஷயமல்ல. கட்டப்பட்டவர்களைச் சுட்டுக்கொல்லும் காணொளியை 2009 ஆகஸ்டில் சனல் 4 ஒளிபரப்பியபோது, இலங்கை அரசு அதைப் போலி என்றது. ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன் நிபுணர்களை வைத்து ஆராய்ந்து, அது உண்மையானது என்பதையே முடிவுகள் வலுவாகக் காட்டுகின்றன என்று 2010 ஜனவரியில் சொல்லவேண்டி வந்தது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரம் உட்கார்ந்தார்கள். அவர்கள் கையில் இருந்தது ஒரு படம். “இவன் இருந்தான்” என்பதற்கு அதுதான் அத்தாட்சி. எங்கள் படங்களை நம்புங்கள் என்று உலகத்திடம் மன்றாடுகிற சனம், தன் வீட்டுச் சுவரிலேயே நம்பமுடியாத படத்தை மாட்டலாமா?

நாங்கள் வந்து குடியேறிய இந்த மண்ணின் ஆட்களிடம் கற்றுக்கொள்ளலாம். மாவோரிகளின் மராயேயில், கூடும் மண்டபத்தின் சுவரில் மூதாதையரின் படங்கள் தொங்கும். ஒருவர் இறந்தால், அவருக்கு முன் போனவர்களின் படங்களைப் பெட்டியருகில் வைப்பார்கள். உயிரோடிருப்பவர்களின் படத்தை இறந்தவர்களின் படங்களோடு கலப்பதைப் பலர் தவிர்ப்பார்கள். இறந்தவரை அங்கே மறப்பதில்லை. பெயர் சொல்லி அழைக்கிறார்கள், அவரோடு பேசுகிறார்கள். ஆனால் இறந்தவராகவே வைத்திருக்கிறார்கள்.

எங்கள் பழைய ஸ்டூடியோக்காரருக்கும் இது தெரிந்திருந்தது. குடும்பமாகப் படம் எடுக்கும்போது, காலமானவரின் சட்டம் போட்ட படத்தை ஒரு கதிரையில் வைப்பார்கள், அல்லது மனைவி மடியில் வைத்திருப்பார். அதுவும் ஒரு படத்துக்குள் இன்னொரு படத்தைச் சேர்ப்பதுதான். ஆனால் நடுவில் சட்டம் தெரியும். பார்க்கிற பிள்ளை அது யார் என்று கேட்கும்.

ஆகவே, கலியாணத்துக்கு வரமுடியாதவர் படத்தில் வேண்டுமென்றால், அவருடைய படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். வீடியோ அழைப்பில் இருப்பவரைத் தொலைபேசித் திரையோடு தூக்கிப் பிடியுங்கள். ஏற்கெனவே செய்த படத்தை எரிக்கச் சொல்லவில்லை. சுவரிலிருந்து கழற்றி, பின்பக்கத்தில் எழுதுங்கள்: எந்த முகம், எந்த வருடம், எங்கே எடுத்தது, அவர் ஏன் அன்றைக்கு வரவில்லை. அந்த அடையாள அட்டைப் படத்தையும் இழுப்பறையில் போட்டு மறந்துவிடாதீர்கள். சிரிக்காத முகத்தோடு அப்படியே தனியாகச் சட்டம் போட்டுப் பக்கத்தில் மாட்டுங்கள். பிள்ளைகளுக்கு அப்பப்பாவைக் காட்டும்போது அந்தப் படத்தைக் காட்டுங்கள்.