அவில் மாத்திரையும் அரை மணி நேரமும்

பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்குத் திடீரென்று உடம்பெல்லாம் தடித்துச் சிவந்து அரிப்பெடுத்தால் நம் ஊரில் என்ன நடக்கும் என்பதை யாரும் சொல்லிவிடலாம். "காணாக்கடியாக இருக்கும்" என்பார் ஒருவர். "எதையோ தின்றிருக்கிறான், ஒத்துக்கொள்ளவில்லை" என்பார் இன்னொருவர். தலைமையாசிரியர் அறையிலிருந்து ஒரு அவில் மாத்திரையோ செட்ரிசினோ வரும். தேனீ கொட்டியிருந்தால் சுண்ணாம்பு தடவுவார்கள். பிறகு, "கொஞ்ச நேரம் உட்கார், சரியாகிவிடும்" என்று பெஞ்சின் ஓரத்தில் உட்காரவைத்துவிட்டுப் பாடம் தொடரும். பெரும்பாலான நாட்களில் சரியாகியும் விடுகிறது. அப்படிச் சரியாகிப்போன நாட்களை வைத்துத்தான், அலர்ஜி என்றால் தோலில் வருவது, மாத்திரைக்கு அடங்குவது என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். இந்த நம்பிக்கை ஒரு பிள்ளையின் உயிரை எடுத்துவிடக்கூடியது.

அரிப்பு யாரையும் கொல்வதில்லை. கொல்வது உள்ளே நடப்பது. உடலின் எதிர்ப்பு அணுக்கள் ஒரே நேரத்தில் கொட்டும் ஹிஸ்டமின் முதலிய பொருள்கள் ரத்தக் குழாய்களைத் தளர்த்திக் கசியவிடுகின்றன. ரத்த அழுத்தம் சரிகிறது. தொண்டை வீங்குகிறது, மூச்சுக்குழல் இறுகுகிறது. இதற்கு அனாபிலாக்ஸிஸ் என்று பெயர். 1902இல் பிரெஞ்சு அறிஞர்கள் ஷார்ல் ரிஷேயும் போல் போர்ட்டியேவும் கடல் சாமந்தியின் நஞ்சை நாய்களுக்குச் செலுத்தி ஆராய்ந்தபோது, முதல் ஊசியைத் தாங்கிக்கொண்ட நாய், சில வாரம் கழித்துச் செலுத்திய சிறிய அளவில் சில நிமிடங்களில் வீழ்ந்தது. ரிஷேவுக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது இதற்காகத்தான். "போன தடவையும் இப்படித்தான் வந்தது, தானே போய்விட்டது" என்று பெற்றோரும் ஆசிரியரும் ஆறுதல் கொள்வது எவ்வளவு ஆபத்து என்பதை அந்த நாய்களே காட்டிவிட்டன. முதல் முறை லேசாக வந்ததால் அடுத்த முறையும் லேசாகத்தான் வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இனி மாத்திரைக்கு வருவோம். விழுங்கிய ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரை வேலையைத் தொடங்கவே அரை மணி நேரமாவது ஆகும். பிரிட்டனில் அனாபிலாக்ஸிஸ் மரணங்களைத் தொகுத்து ஆராய்ந்த மருத்துவர் ரிச்சர்ட் பம்ப்ரி 2000ஆம் ஆண்டு வெளியிட்ட கணக்கைப் பாருங்கள்: உணவால் வந்தால் மூச்சோ இதயமோ நிற்பதற்கு எடுத்துக்கொண்ட இடைநிலை நேரம் 30 நிமிடம், பூச்சி கொட்டியதால் வந்தால் 15 நிமிடம். மாத்திரை கரைவதற்குள் காலம் முடிந்துவிடுகிறது. கரைந்தாலும் அது அரிப்பைத்தான் அடக்கும்; வீங்கிய தொண்டையைத் திறக்காது, சரிந்த அழுத்தத்தை ஏற்றாது. இன்னொரு தீங்கும் உண்டு. அவில் தூக்கம் வரவழைக்கும் மருந்து. பிள்ளை சோர்ந்து சாயும்போது அது மாத்திரை மயக்கமா, ரத்த அழுத்தம் விழுந்த மயக்கமா என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் போகும். இத்தனைக்கும் சேர்த்து வேலை செய்வது ஒரே மருந்து, அட்ரினலின். குழாய்களை இறுக்கி அழுத்தத்தை ஏற்றுகிறது, மூச்சுக்குழலைத் தளர்த்துகிறது, இதயத்துக்கு வலுவூட்டுகிறது. தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட்டால் சில நிமிடங்களில் பலன் தெரியும். தேவைப்பட்டால் ஐந்து முதல் பதினைந்து நிமிடத்தில் இன்னொரு முறை போடலாம்.

தோலையே பார்த்துக்கொண்டிருக்கும் பழக்கத்தால் விளையும் மோசமான கேடு, தோலில் ஒன்றுமில்லாத பிள்ளையைக் கைவிட்டுவிடுவது. பத்தில் ஒன்றிரண்டு பேருக்குத் தடிப்பே வருவதில்லை. குரல் கம்முவது, விடாத இருமல், எச்சில் விழுங்க முடியாமை, இழுப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, முகம் வெளிறித் தள்ளாடுவது: கொட்டு வாங்கிய பின்போ சாப்பிட்ட பின்போ இவை திடீரென வந்தால் அரிப்புக்காகக் காத்திருக்கக் கூடாது. அடுத்த தவறு நடக்கவைப்பது. "ஆபீஸ் ரூமுக்குப் போ" என்று அனுப்புவதும், இருவருக்கு நடுவில் பைக்கில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்கு விரைவதும் அக்கறையில் செய்வதுதான். ஆனால் அழுத்தம் விழுந்த உடம்பை நிமிர்த்தினால் ரத்தம் காலுக்கு இறங்கி, இதயத்துக்குத் திரும்பி வருவது குறைந்துபோகும். எழுந்து நின்ற கணத்தில் இறந்தவர்களும் பம்ப்ரியின் பதிவுகளில் உண்டு. படுக்கவைத்துக் காலை உயர்த்தி, 108ஐ அங்கேயே வரவழைக்க வேண்டும். மூச்சுத் திணறினால் மட்டும் காலை நீட்டிச் சாய்ந்து உட்காரலாம்.

"ஆசிரியர் என்ன டாக்டரா? ஊசி போட்டு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது?" என்று கேட்பார்கள். நியாயமான அச்சம்தான். ஆனால் அட்ரினலினைப் பற்றிய திகில், பெரும்பாலும் அதை நரம்பில் தவறான அளவில் செலுத்திய சம்பவங்களிலிருந்து வந்தது. தசையில், எடைக்கேற்ற அளவில் (கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், சிறுவர்களுக்கு அதிகபட்சம் 0.3) போட்டால் படபடப்பு, நடுக்கம், வெளிறல் வரும், கொஞ்ச நேரத்தில் போய்விடும். தேவையில்லாமல் போட்ட பிள்ளை சிறிது நேரம் நடுங்கும். தேவைப்பட்டும் போடாத பிள்ளை பிழைக்காமல் போகலாம். இந்த இரண்டு தவறுகளையும் ஒரே தராசில் வைக்க முடியாது. பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்குக் கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2005இலேயே சட்டத்தால் பதில் சொல்லிவிட்டது: அவசரத்தில் நல்லெண்ணத்தோடு ஊசி போட்ட பள்ளி ஊழியர்மீது நஷ்டஈட்டு வழக்குத் தொடர முடியாது. பிரிட்டனில் 2017 முதல் பள்ளிகளே மருத்துவச் சீட்டில்லாமல் அட்ரினலின் ஊசிப் பேனாக்களை வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஆசிரியர்களின் பயத்தைப் போக்க வேண்டியது அரசு. உபதேசத்தால் அது போகாது, ஆணையால் போகும்.

"இதெல்லாம் வேர்க்கடலைக்குப் பயப்படும் வெள்ளைக்காரர் வியாதி" என்பது இதைவிட வலுவான வாதம். கர்நாடகத்தில் நடந்த ஆய்வுகள் நம் குழந்தைகளிடம் உணவு அலர்ஜி மேலைநாடுகளைவிடக் குறைவு என்றே காட்டின. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு கோடிக்கும் அதிகமான மாணவர்கள் படிக்கும் தமிழ்நாட்டில், அரிது என்பதற்குள்ளும் பல பிள்ளைகள் இருக்கிறார்கள். அதோடு, நமக்கு உணவு ஒன்றுதானா பிரச்சினை? பள்ளி மரத்தில் கூடு கட்டிய கதண்டு மாணவர்களைக் கொட்டிய செய்தியைப் பத்திரிகைகளில் அடிக்கடி படிக்கிறோம். தீயணைப்புத் துறை வந்து கூட்டை அழித்ததோடு செய்தி முடிகிறது. கொட்டு வாங்கியவர்களில் யாருக்கு மூச்சு இறுகியது, முதல் மருந்து எத்தனையாவது நிமிடத்தில் கிடைத்தது என்று யாரும் எழுதிவைப்பதில்லை. கணக்கெடுக்காத ஒன்றை அரிது என்று சொல்லிவிடுவது எளிது.

சட்டமும் பேனாவும் இருந்தாலே போதும் என்று சொல்ல மாட்டேன். 2017இல் லண்டன் பள்ளி ஒன்றில், பால் அலர்ஜியுள்ள 13 வயதுச் சிறுவன்மீது இன்னொரு மாணவன் சீஸ் துண்டை எறிந்தான். சிறுவன் சில நாளில் இறந்தான். பள்ளியில் அவனுக்காக வைத்திருந்த ஊசிப் பேனா காலாவதியாகிப் பல மாதங்கள் ஆகியிருந்தது. வெயிலிலும் வெளிச்சத்திலும் வீரியம் குறையும் மருந்து இது. நம் மே மாதத்தில் பூட்டிக் கிடக்கும் அலமாரியில் அதற்கு என்ன ஆகும் என்பதையும் இப்போதே யோசிக்க வேண்டும். ஊசிப் பேனா இந்தியாவில் எளிதில் கிடைப்பதில்லை. ஆனால் கண்ணாடிக் குப்பியில் வரும் அட்ரினலின் மலிவானது, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் பழக்கமானது. பதற்றத்தில் அளவு தவறாமல் இருக்க, எடைவாரியான அளவுக் குறியோடு அரசே அதைப் பள்ளிகளுக்குத் தர வேண்டும். ஜூனில் பள்ளி திறக்கும்போது காலாவதித் தேதியைப் பார்க்கும் பொறுப்பு ஒரு குறிப்பிட்ட ஆளிடம் இருக்க வேண்டும். பயிற்சி தலைமையாசிரியரோடு நின்றுவிடக் கூடாது. பிள்ளை முட்டை சாப்பிடும்போது பக்கத்தில் இருப்பவர் சத்துணவு அமைப்பாளர். கதண்டு கிளம்பும்போது மைதானத்தில் இருப்பவர் உடற்கல்வி ஆசிரியர். ஊசி போடக் கற்க வேண்டியவர்கள் முதலில் இவர்கள் இருவரும்தான்.