கொக்கி போட்டவன் மட்டும்தான் திருடனா?

அடுத்தவர் சட்டைப்பையில் கைவிட்டுப் பர்சை எடுத்தால் அவன் திருடன். பிடித்துப் போலீசில் ஒப்படைப்பார்கள். மின்கம்பியில் கொக்கி போட்டு கரண்டை எடுத்தால்? "பலே கெட்டிக்காரன்!" என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள்.

"கவர்மெண்டு கரண்டுதானே! யாருக்கு என்ன நஷ்டம்?" என்கிற பேச்சு டீக்கடை பெஞ்சில் சாதாரணம்.

நஷ்டம் இருக்கிறது. திருட்டுப் போன யூனிட்டுக்கும் நிலக்கரி வாங்கித்தான் ஆக வேண்டும். அந்தச் செலவு கடைசியில் ஒழுங்காகப் பில் கட்டும் குமாஸ்தா தலையிலும் பெட்டிக்கடைக்காரர் தலையிலும்தான் விழுகிறது. கணக்கில் வராத லோடு ஏறினால் டிரான்ஸ்பார்மர் புகைகிறது. ஒருவன் செய்த வேலைக்குத் தெருவே இருட்டில் உட்காருகிறது.

உயிரும் போகிறது. கொக்கிக்கு மீட்டரும் கிடையாது, பியூசும் கிடையாது. திருவிழா சீரியல் செட்டுக்கும் பொதுக்கூட்ட மேடைக்கும் இழுத்த வயர் மழையில் அறுந்து விழுந்தால், அதை மிதிப்பது அந்தப் பக்கம் போகும் ஏதோ ஒரு பள்ளிப்பிள்ளை. கிராமத்தில் இதே கொடுமை மின்வேலியாக வருகிறது. தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே 2023 மார்ச் மாதம் சட்டவிரோத மின்வேலியில் சிக்கி 3 யானைகள் செத்து விழுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

3 ஆண்டு ஜெயில்!

கரண்டு கையில் பிடிக்கிற பொருள் அல்ல. அதனால் அதை எடுப்பது திருட்டா என்ற கேள்வி அந்தக் காலத்திலேயே வந்தது. "திருட்டாகவே கருதப்படும்" என்று 1910-ம் ஆண்டு மின்சாரச் சட்டம் பதில் சொன்னது.

இப்போது அமலில் இருப்பது 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டம். அதன் 135-வது பிரிவுப்படி, கொக்கி போடுவது, மீட்டரில் கை வைப்பது, மீட்டரை உடைப்பது எல்லாமே குற்றம். கட்டணத்தை ஏய்க்க வீட்டு இணைப்பில் கடை நடத்துவதும் 2007-ம் ஆண்டு திருத்தத்தில் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

தண்டனை, 3 ஆண்டு வரை ஜெயில் அல்லது அபராதம், அல்லது இரண்டும். அபராதம் என்றால் திருடி அடைந்த லாபத்தைப் போல் குறைந்தது 3 மடங்கு. மறுபடி மாட்டினால் 6 மடங்கு. 10 கிலோவாட்டுக்கு மேல் திருடி இரண்டாவது தடவை தண்டனை பெற்றால் 6 மாதத்துக்குக் குறையாமல் 5 ஆண்டு வரை கம்பி எண்ண வேண்டும். 3 மாதம் முதல் 2 ஆண்டு வரை மின்இணைப்பும் கிடையாது.

முதல் தடவை சிக்கியவர் சமரசத் தொகை கட்டி வழக்கிலிருந்து விடுபட 152-வது பிரிவு வழி விடுகிறது. ஆனால் ஒருவருக்கு ஒரே ஒரு முறைதான்!

உள்ளே இருப்பவர்?

சட்டம் கடுமையானதுதான். ஆனால் அது யார் மீது பாய்கிறது என்பதுதான் கேள்வி.

மீட்டர் சீலை உடைத்து மறுபடி ஒட்டும் வித்தை சாதாரண ஜனங்களுக்குத் தெரியாது. வேலை தெரிந்த ஒயர்மேன் வேண்டும். பார்த்தும் பார்க்காமல் போக உள்ளே ஒரு ஆள் வேண்டும். இவர்களுக்கும் சட்டம் வலை வைத்திருக்கிறது. திருட்டுக்கு உடந்தையாக இருக்கும், அல்லது அதை மூடி மறைக்கும் மின்வாரிய ஊழியருக்கு 150-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை ஜெயில். ஒயர்மேனின் லைசென்சும் பறிபோகலாம். இந்தப் பிரிவு புத்தகத்திலேயே தூங்கினால், கொக்கியை அறுக்க அறுக்க மறுநாள் புதுக் கொக்கி முளைக்கத்தான் செய்யும்.

சோதனைக்கு வருகிறவர்களுக்கும் கட்டுப்பாடு உண்டு. கைப்பற்றிய பொருளுக்குப் பட்டியல் போட்டு, இடத்தில் இருப்பவரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். வீடு என்றால், பொழுது சாய்ந்து விடியும்வரை, அங்கு வசிக்கும் வயது வந்த ஆண் இல்லாதபோது சோதனை கூடாது. இணைப்பைத் துண்டித்தால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் எழுத்து மூலம் புகார் தர வேண்டும். கணக்கிட்ட தொகையைக் கட்டிவிட்டால் 48 மணி நேரத்துக்குள் மீண்டும் கரண்டு கொடுக்க வேண்டும். இதெல்லாம் தெரிந்தால், "ஏதாவது கொடுத்து முடிச்சுக்கலாம்" என்று பேரம் பேச வருகிறவரிடம் கடைக்காரர் பயப்பட வேண்டியதில்லை. ரசீது இல்லாமல் கைமாறும் பணம் அடுத்த திருட்டுக்குப் போடும் முன்பணம்!

குடிசைக் கொக்கிக்கு ஒரு நியாயம், கோல்டு ஸ்டோரேஜ் மீட்டருக்கு ஒரு நியாயம் என்று இருக்கக்கூடாது. பறக்கும் படை முதலில் பெரிய லோடு இருக்கும் இடத்துக்குப் பறக்கட்டும். பிடிபடும் ஒவ்வொரு வழக்கிலும், "கம்பி இழுத்துக் கொடுத்தது யார்? கண்ணை மூடிக்கொண்டது யார்?" என்ற இரண்டு கேள்விகளையும் போலீசார் கேட்கட்டும். நேர்மையாகப் பில் கட்டுகிறவர் எதிர்பார்ப்பது இவ்வளவுதான். செய்வார்களா?